மஞ்சளாகாத விளக்கு

ஸ்டோர் அக்காவுக்கு எதையும் சந்தேகப்படாமல் வாங்கத் தெரியாது. கையுறை வந்தால் விரல் விரலாக இழுத்துப் பார்ப்பாள். கயிறு வந்தால் சுருளை முழுக்க அவிழ்த்து, நகத்தால் கீறி, மோந்துகூடப் பார்ப்பாள். "மாப்பிள்ளை பார்க்கும்போதும் இந்தம்மா இப்படித்தான் பிரிச்சு மேஞ்சிருக்கும்" என்று ஆட்கள் கிண்டலடிப்பார்கள். "அந்த ஒரு சரக்கைத்தான்டா பார்க்காம வாங்கிட்டேன்" என்பாள் அவள், கைவேலையை நிறுத்தாமலே.

மின்நிலையத்தின் சாமான் கிடங்கில் அவளுக்குப் பத்தொன்பது வருடம். மலையைக் குடைந்த மூன்று கிலோமீட்டர் சுரங்கம் வழியாகத் தண்ணீர் வந்து, கடைசியில் ஒரு செங்குத்துக் குழியில் விழுந்து, கீழே இருக்கும் இயந்திரத்தைச் சுழற்றும். வருடத்தில் ஒரு வாரம் மேலே தண்ணீரை அடைத்துவிடுவார்கள். எட்டுப் பேர் கொண்ட குழு உள்ளே நடந்து போய், சுவரில் விரிசல் எங்கெங்கே என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பெயின்டில் எண் போட்டுவிட்டு வரும். அந்தக் குழி வாயில் கைப்பிடியும் இல்லை, சங்கிலியும் இல்லை. எதை மாட்டினாலும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். தரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் உண்டு. அதைத் தாண்டினால் ஓர் ஆள் நீளத்துக்கு வழுக்குச் சரிவு, அதற்கப்புறம் எண்பது மீட்டர் ஆழம்.

குழுவுக்குச் சில வழக்கங்கள் இருந்தன. அவை எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒருவன் முகத்தை இன்னொருவன் பார்த்தால் இருவருக்கும் கண் அவிந்துபோகும் என்பதால், சுரங்கத்துக்குள் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. காலைப் பார்த்துத்தான் பேசுவார்கள். புதிதாக வந்தவன் மறந்துபோய் நிமிர்ந்து பார்த்தால் எட்டுப் பக்கத்திலிருந்தும் திட்டு விழும். இது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வெளியே டீக்கடையிலும் செருப்பைப் பார்த்துத்தான் பேச்சு. இரண்டாவது வழக்கம், மஞ்சள். பழைய விளக்குகள் ஐந்து மணி நேரம் கழித்து மெல்ல மஞ்சளாகும். அதன் பிறகும் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். யாருடைய விளக்கு முதலில் மஞ்சளாகிறதோ அவன் "மஞ்சள்" என்று ஒரு குரல் கொடுப்பான். அந்தக் கணமே மொத்தக் குழுவும் திரும்பிவிடும். எடுத்த வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்ற பேச்சே கிடையாது.

மூன்றாவது வழக்கம் அவளுடையது. அவர்கள் உள்ளே நுழையும் அதே நேரத்தில் கிடங்குச் சுவரில் ஆணியில் ஒரு விளக்கை மாட்டி எரியவிடுவாள். அது மஞ்சளானால், உள்ளேயும் மஞ்சளாகியிருக்கும், திரும்பியிருப்பார்கள் என்று கணக்கு. கேன்டீனுக்கு ஃபோன் போட்டு டீ போடச் சொல்வாள். அவளுடைய தம்பி குழுவில் சேர்ந்த இந்த மூன்று வருடமாக அந்த ஆணியைப் பார்த்தபடிதான் அவள் நாற்காலி கிடக்கிறது. குழுவை நடத்தும் மேஸ்திரியிடம் சொல்லி அவனைச் சேர்த்துவிட்டதே அவள்தான்.

பழைய விளக்குகள் கண்ணாடி விரிசல் விட்டு, தண்ணீர் புகுந்து, ஒவ்வொன்றாக மண்டையைப் போட்டன. அதே ரகம் இனிமேல் வராது என்று கைவிரித்தார்கள். அவளே நகரத்துக்குப் போய், மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் மூன்று ரகம் வாங்கி வந்து மேசையில் வைத்தாள்.

முதல் ரகத்துக்கு பேட்டரிப் பெட்டி பின்மண்டையில், நடுவே ஒரு ஒயர். "இது எங்கயாவது கம்பியில மாட்டி இழுத்தா தலையே பின்னால போயிடும்" என்று மேஸ்திரி ஒதுக்கினார். இரண்டாவது பஞ்சு போல லேசு, ஆனால் பட்டன் கடுகளவு. நனைந்த கையுறையோடு எட்டுப் பேரில் ஒருவராலும் அமுக்க முடியவில்லை. மூன்றாவதை அவள் வாளித் தண்ணீரில் ஒரு பகல் முழுக்க முக்கி வைத்தாள். மேசை உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் ஆறு முறை போட்டாள். ஹெல்மெட்டில் மாட்டி, தம்பியைக் குனிந்து நிமிர்ந்து குதிக்கச் சொன்னாள்.

"போதுமா? இல்ல, குட்டிக்கரணமும் அடிக்கணுமா?" என்றான் அவன்.

"அடிச்சுத்தான் காட்டேன். ஒட்டடை குச்சி மாதிரி இருக்க, உனக்கென்ன கஷ்டம்?"

பெட்டியில் எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தது. நம்பாமல், வீட்டில் காலையில் போட்டுவிட்டு வேலைக்கு வந்து, சாயங்காலம் போய்ப் பார்த்தாள். பால் போல எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் சொன்னதும் நினைவிருந்தது. "பேட்டரி தீரப் போகுதுன்னா, இங்க ஓரத்துல சின்னதா ஒரு சிவப்புப் புள்ளி எரியும் மேடம். மலை ஏறுறவங்க எல்லாம் இதத்தான் கேட்டு வாங்குறாங்க." சிவப்புப் புள்ளி இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று அவளும் தலையாட்டியிருந்தாள். எட்டு விளக்கு வந்து இறங்கியது.

அன்று காலை ஏழு பேர்தான் வந்தார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல். கிடங்கு வாசலில் வரிசையாக நின்று விளக்கைக் கட்டிக்கொண்டார்கள். "ஒரு தடவை அமுக்கினா சுமாரா எரியும், ரெண்டு தடவை அமுக்கினா முழு வெளிச்சம்" என்று சொல்லிக்கொடுத்தாள். ஏழு பேரும் இரண்டு தடவை அமுக்கினார்கள். கிடங்கின் கடைசி அலமாரி வரைக்கும் பட்டப்பகலானது.

"ஸ்டோரம்மா, இவ்வளவு நாள் நாங்க மெழுகுவத்தி கட்டிக்கிட்டா போனோம்?" என்றார் மேஸ்திரி. எப்போதும் எடுத்துப் போகும் கைடார்ச்சை மேசையிலேயே வைத்துவிட்டார். "இதுக்கு மேல இது எதுக்கு, தூக்கிச் சுமக்க?"

மாற்று செல் கேட்டு வழக்கம்போல் ஒருவன் கை நீட்டினான். "இதுல செல்லே கிடையாதுப்பா, உள்ளேயே பேட்டரி. ராத்திரி பூரா சார்ஜ் போட்டிருக்கேன்" என்றாள். தம்பி பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினான். காய்ச்சல்காரனின் விளக்கை அவள் இரண்டு தடவை அமுக்கி, ஆணியில் மாட்டினாள். மணி ஏழு ஐந்து.

பத்து மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். வெளிச்சம் துளியும் குறையவில்லை. நல்ல சரக்கு என்று மனதுக்குள் ஒரு சின்னப் பெருமை. பத்து ஏழுக்கு விளக்கின் ஓரத்தில் கடுகு போல ஒரு சிவப்பு எரிந்தது.

இதென்ன, எட்டு மணி நேரம் ஆகவில்லையே. அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் இருந்த எழுத்தைப் படித்தாள். எட்டு மணி நேரம் என்பது ஒரு தடவை அமுக்கினால். இரண்டு தடவை அமுக்கினால் மூன்றரை. வீட்டில் அவள் ஒரு தடவைதான் அமுக்கியிருந்தாள்.

சரி, சிவப்பு எரிந்துவிட்டதே, பார்த்துத் திரும்பியிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டே மறுபடி ஆணியைப் பார்த்தாள். விளக்கு அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அதனால்தான் அந்தப் புள்ளி அவளுக்குத் தெரிந்தது.

நெற்றியில் கட்டிய விளக்கின் முன்பக்கம் கட்டியவனுக்குத் தெரியாது. எதிரே நிற்பவனுக்குத்தான் தெரியும். மலையேறுகிறவர்கள் எங்காவது உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவார்கள், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். இந்த ஏழு பேர் நெற்றியிலும் இப்போது சிவப்பு எரிகிறது. பார்ப்பதற்கு ஒரு ஜோடிக் கண் கிடையாது. மஞ்சளுக்காகக் காத்திருப்பார்கள். சிவப்பு விழுந்த பிறகும் பால் போல எரியும் இந்த விளக்கு மஞ்சளே ஆகாது. ஒன்றாகச் சார்ஜ் போட்டு, ஒன்றாக அமுக்கிய விளக்குகள் வேறு. போனால் ஒன்றாகத்தான் போகும்.

பொறியாளர் அறைக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரிசீவரை வைக்கக்கூட இல்லை, அப்படியே தொங்கவிட்டுவிட்டு, கழித்துப்போட்ட சாமான் மூலையில் கிடந்த பழைய விளக்குகளில் கண்ணாடி உடையாததாக எட்டைப் பொறுக்கினாள். இரண்டு கை நிறைய செல், மேஸ்திரி விட்டுப்போன டார்ச், எல்லாவற்றையும் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாற்பத்தாறு வயதில், புடவையை முழங்கால் வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சரளைக்கல் பாதையில்.

சுரங்க வாயிலில் காவல்காரர் எழுந்து நின்றுவிட்டார். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஃபோன் யார்கிட்டயாவது இருக்கா, உள்ள?"

அவர் பக்கத்தில் இருந்த மரப்பெட்டியைக் காட்டினார். ஏழு ஃபோனும் அதற்குள். உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். பேசிக்கொண்டே இருவரும் பழைய விளக்குகளில் செல்லைத் திணித்தார்கள். அவர் அவசரத்தில் இரண்டில் தலைகீழாகப் போட்டார். அவள் பிடுங்கித் திருப்பிப் போட்டாள்.

"பர்மிஷன் இல்லாம உங்கள உள்ள விட்டா என் வேலை போயிடும்மா."

"நீங்க விட வேணாம். நான் உங்களத் தள்ளிட்டுப் போனேன்னு எழுதிக்கோங்க. பொறியாளர் எங்க இருந்தாலும் பிடிச்சு இழுத்துட்டு வாங்க."

"தனியாவா போறீங்க?"

அவள் பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. லிஃப்டில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவள். காவல்காரரின் ஹெல்மெட்டை வாங்கி, பழைய விளக்கொன்றை மாட்டிக்கொண்டு நுழைந்தாள். மணி பத்து முப்பத்தைந்து.

நூறு அடியில் பின்னால் இருந்த பகல் ஒரு தட்டளவு சுருங்கியது. அப்புறம் ஒரு காசளவு. வளைவு வந்ததும் அதுவும் போயிற்று. பள்ளங்களில் கணுக்கால் அளவு தேங்கிய தண்ணீர். நடக்க நடக்கத் தன் காலடிச் சத்தமே முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வந்து, யாரோ கூட நடக்கிறார்கள் என்று இரண்டு முறை திரும்பிப் பார்க்கவைத்தது. குரல் கொடுத்தாள். அது சுவரில் உருண்டு கலங்கி, எங்கிருந்து வருகிறதென்று தெரியாத ஒரு முழக்கமாகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. சுவரில் தம்பியின் கையெழுத்தில் எண்கள் வந்துகொண்டே இருந்தன. பதினொன்று, பன்னிரண்டு. ஈரம் காயாத வெள்ளைப் பெயின்ட். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். நாற்பத்தி மூன்றைத் தாண்டும்போது முன்னால் பேச்சுக் குரல் கேட்டது. வெளிச்சம் எதுவும் இல்லை. குரல் மட்டும்.

கிட்டப் போனதும் இருட்டிலிருந்து ஆறு முகங்கள் ஒரே நேரத்தில் முளைத்தன. சுவரோரம் வரிசையாக, ஒருவன் தோளை ஒருவன் பிடித்தபடி தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள்.

"யார்றா அது! மூஞ்சில அடிக்காதடா!"

"நான்தான்" என்றாள். குனியவில்லை. ஒவ்வொரு முகமாக எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். "என் தம்பி எங்க?"

மேஸ்திரி கையால் கண்ணை மறைத்துக்கொண்டு எழுந்தார். "ஸ்டோரம்மா, சத்தம் போடாதீங்க. இருக்கான். முன்னால இருக்கான்."

நடந்ததை அவர் தணிந்த குரலில், அவசரமாகச் சொன்னார். முதல் விளக்கு பட்டென்று அணைந்தபோது ஏதோ கோளாறு என்றுதான் நினைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் அடுத்தது. அதற்குள் மூன்றாவது, நான்காவது. கடைசியாகப் போனது தம்பியுடையது. அவன் மட்டும் முப்பது தப்படி முன்னால், வெள்ளைக் கோட்டின் அருகே, ஒரு பக்கச் சுவரின் கடைசி விரிசலுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தான். விளக்கைக் கழற்றித் தட்டிப் பார்க்கிற பதற்றத்தில் நாலு பக்கமும் திரும்பிவிட்டான். இப்போது குழி எந்தப் பக்கம், ஆட்கள் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை. குரலை வைத்து வரவும் முடியாது. இங்கே குரல் எல்லாத் திசையிலிருந்தும் வரும்.

"அசையாதடான்னு குப்புறப் படுக்க வெச்சிருக்கேன். அரை மணி நேரமா பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்கோம்."

அதற்குள் இருட்டின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "மேஸ்திரி, என்ன திடீர்னு அமைதியாயிட்டீங்க? எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டீங்களா?" சிரிப்பது போலத்தான் கேட்டான். பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தமும் கூடவே கேட்டது.

"உன்னை விட்டுட்டுப் போவமாடா? பெயின்ட் டப்பா ஆபீஸ் சொத்துடா" என்று பதில் கொடுத்துவிட்டு, மேஸ்திரி சாக்கிலிருந்து கைக்கு வந்த விளக்கை எடுத்துத் தலையில் கட்டப் போனார். பட்டை பழசு, அறுந்து கையோடு வந்தது. அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நில்லுங்க" என்று பின்னால் வந்து அவள் கையைப் பிடித்தார். "அரை மணி நேரமா இருட்டுல கிடக்கிற கண்ணு. லைட்டு நேரா அடிச்சா குருடு மாதிரி ஆயிடும். பயந்து எழுந்தான்னா எந்தப் பக்கம் எழுவான்னு தெரியாது. மூஞ்சியப் பார்க்காதீங்க. தரையப் பாருங்க. தரையில வெளிச்சம் போட்டுக்கிட்டே போங்க. பேர் சொல்லிக் கூப்பிடவும் வேணாம்."

கழுத்தைக் குனிந்து, தன் கால் விரலுக்கு முன்னால் இரண்டடியில் விழுந்த வட்டத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். தம்பி எப்படிக் கிடக்கிறான் என்று ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டால் போதும். கழுத்து நரம்பு தானாக மேலே இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள். வட்டத்தின் ஓரத்தில் கவிழ்ந்த பெயின்ட் டப்பா வந்தது. ஒரு கையுறை வந்தது. பிறகு வெள்ளைக் கோடு வந்தது. அவன் வரவில்லை.

கோட்டுக்கு இந்தப் பக்கம் அவன் இல்லை.

வட்டத்தை ஒரு சாண் நகர்த்தினாள். கோட்டுக்கு அந்தப் பக்கம், வழவழவென்று சரியும் சிமென்டில் ஒரு பூட்ஸின் அடிப்பாகம் தெரிந்தது. அவன் தலைகீழாகத் திரும்பிப் படுத்திருந்தான். கால் இவள் பக்கம், தலை குழிப் பக்கம். தான் பத்திரமான திசையைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, அரை மணி நேரமும் அங்குலம் அங்குலமாகக் குழியை நோக்கி ஊர்ந்திருக்கிறான்.

"வெளிச்சம் தெரியுது மேஸ்திரி" என்றான் அவன், சந்தோஷமாக. "பின்னால தெரியுதே. ஏன் பின்னால தெரியுது?"

"அப்படியே இரு" என்றாள். குரலை எப்படிச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள் என்று அவளுக்கே பிற்பாடு புரியவில்லை. கிடங்கில் கையெழுத்து வாங்கும்போது வரும் அதே குரல். "திரும்பாத. எழுந்திரிக்காத. காலை மட்டும் நீட்டு."

"அக்காவா? நீ எங்க இங்க?"

"காலை நீட்டுறா, எருமை."

நீட்டினான். அவள் மண்டியிட்டு இரண்டு கையாலும் பூட்ஸைப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி வந்து அடுத்த காலைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து, ஈரச் சிமென்டில் வயிறு தேய, அவனைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்தார்கள். அவன் கை கடைசியாகப் பிடித்திருந்த இடத்தில் சிமென்ட் முடிந்திருந்தது. அதை அவன் அப்போதுதான் பார்த்தான். வாந்தி எடுத்தான்.

வெளியே வந்தபோது பொறியாளர் வாயிலில் நின்றுகொண்டிருந்தார். இந்த விளக்கை வாங்கியது யார் என்று கேட்டார். "நான்தான் சார். பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்றாள். மேஸ்திரி குறுக்கிட்டு, டார்ச்சை விட்டுட்டுப் போனது என் தப்பு என்றார். பொறியாளர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் வேலை மறுபடி தொடங்கியது. மறுபக்கச் சுவர் அப்படியே கிடந்தது, தண்ணீரைத் திறக்க இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. தம்பி வரமாட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வராமல் இருக்கவேண்டும் என்றும் நினைத்திருந்தாள். ஏழு மணிக்கு வரிசையின் கடைசியில் வந்து நின்றான். மோவாயில் சிராய்ப்பு காய்ந்திருந்தது.

"உனக்கு இன்னும் லீவு இருக்கு" என்றாள்.

"வீட்ல கண்ணை மூடினா அந்த இடம்தான் வருது. போய்ப் பார்த்துட்டா போயிடும்."

"போகலைன்னா?"

"அப்ப வேற வேலை வாங்கிக் குடு. இப்ப விளக்கைக் குடுக்கா, எல்லாரும் நிக்கிறாங்க."

மேசையில் பழையது ஒன்று, புதியது ஒன்று. பழையதில் கண்ணாடி ஓரம் விரிசல், மேலே சொட்டும் தண்ணீர் உள்ளே போகலாம். புதியதைப் பற்றி இப்போது எல்லாம் தெரியும். தெரிந்ததாலேயே கை அதன் பக்கம் போகவில்லை. கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரோ இருமினார்கள்.

புதியதை எடுத்து அவன் ஹெல்மெட்டில் கட்டினாள். ஒரே ஒரு தடவை அமுக்கினாள். பழையதில் புதுச் செல் போட்டு, எரியவிட்டுப் பார்த்து, அணைத்து, அவன் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஸ்திரியிடம் கொடுத்தாள்.

"பத்து மணிக்குத் திரும்பிடணும் அண்ணே. எது எரிஞ்சாலும் சரி, எரியலைன்னாலும் சரி."

"சரி" என்றார் அவர்.

தம்பி பட்டை இறுக்கமாக இருக்கிறது என்று முனகினான். அவள் தளர்த்தவில்லை.